மலைப்பனியை எடை போட்ட கதை



விதைநெல்லைத் தயாராக வைத்துக்கொண்டு, "அணையில எத்தனை அடி தண்ணி நிக்குது?" என்று விசாரிக்காத பாசன விவசாயி யாராவது உண்டா? அந்த ஓர் எண் தெரிந்தால்தான் ஒரு போகமா, இரண்டு போகமா, நெல்லா, உளுந்தா என்று முடிவு கட்ட முடியும். அணை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சுவரில் அளவு எழுதியிருக்கிறது. பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தத் தண்ணீர் அணைக்கு வந்து சேராமல், பத்தாயிரம் அடி உயர மலைமேல், ஆள் போக முடியாத இடத்தில், வெள்ளைப் போர்வை மாதிரி கிடந்தால் என்ன செய்வது? எத்தனை அடி என்று யாரைக் கேட்பது? அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்துவருகிறது. அதற்கு விடை தேடிய கதையைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். குழாயும் தராசும் வைத்துத் தொடங்கிய வேலை, இன்று செயற்கைக்கோள், விமானம், தானே கற்றுக்கொள்ளும் கணிப்பொறி என்று வளர்ந்திருக்கிறது. இத்தனை வந்த பிறகும் அதில் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. அது என்ன என்று கடைசியில் பார்ப்போம்.

மலையே அணை

பனி என்றதும் மார்கழியில் புல் நுனியில் நிற்கிற பனியை நினைத்துவிடாதீர்கள். இது வானத்திலிருந்து பஞ்சு மாதிரி உதிர்ந்து, ஆள் உயரத்துக்கும் மேலே குவிகிற வெண்பனி. கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, கொலராடோ போன்ற மாநிலங்களில் பயிர்க் காலத்து மழை பாசனத்துக்குப் போதாது. குளிர்காலத்தில்தான் மலைமேல் பனியாக விழுகிறது. நம்ம சித்திரை, வைகாசி வாக்கில் வெயில் ஏற ஏற உருகி ஆற்றில் இறங்குகிறது. அந்த மேற்குப் பகுதி ஆறுகளில் ஓடுகிற நீரில் பாதிக்கு மேல் இப்படி உருகி வருவதுதான். மலையே அவர்களுக்கு அணை. அதற்கு மதகும் கிடையாது, ஷட்டரும் கிடையாது. வெயில்தான் திறந்துவிடுகிறது.

பனியின் உயரத்தை மட்டும் பார்த்துத் தண்ணீரைச் சொல்லிவிட முடியாதுங்க. புதிதாக விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குலத் தண்ணீர்தான் கிடைக்கும். அதே பனி இரண்டு மூன்று மாதம் கிடந்து, இறுகி, நனைந்துபோன பிறகு, பத்து அங்குலத்தில் நாலைந்து அங்குலத் தண்ணீர் இருக்கும். பதர் கலந்த நெல்லையும் தூற்றி எடுத்த நெல்லையும் மரக்காலால் அளந்தால் ஒன்றாகுமா? எடை போட்டால்தானே உண்மை தெரியும். பனிக்கும் அதுதான் வழி.

லத்தீன் வாத்தியாரின் தராசு

இதை முறையாகச் செய்து காட்டியவர் என்ஜினீயர் இல்லை, மொழி வாத்தியார். ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் என்று பெயர். 1869-ல் பிறந்தவர். நெவாடா மாநிலத்து ரீனோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1892-ல் சேர்ந்து லத்தீன் முதலான மொழிகளைச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு மலை ஏறுவதில் கொள்ளை ஆசை. ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் ரோஸ் என்ற மலை, 10,776 அடி உயரம். 1895-ல் குளிர்காலத்திலேயே அதன்மேல் ஏறினார். 1905, 1906-ம் ஆண்டுகளில் அந்தச் சிகரத்தில் வானிலைக் கருவிகளை வைத்து ஆராய்ச்சி நிலையமும் அமைத்தார்.

அந்த மலைக்குக் கீழே டாஹோ என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் நீர் ட்ரக்கி என்ற ஆறாக வெளியேறி நெவாடாவின் வறண்ட நிலத்துக்குப் போகிறது. ஏரியின் வாயில் ஓர் அணை கட்டியிருந்தார்கள். தகராறு அங்கேதான். ஏரிக்கரையில் வீடு கட்டியிருந்தவர்கள், "நீங்கள் மதகை அடைத்து வைக்கிறீர்கள், பனி உருகியதும் தண்ணீர் ஏறி எங்கள் கரையை அரிக்கிறது" என்றார்கள். கீழே இருந்த மின்சாரக் கம்பெனிக்காரர்களும் பாசனக்காரர்களும், "இப்போதே திறந்துவிட்டால் கோடைக்கு எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றார்கள். ஏரி மதகடியில் சண்டை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. மலைமேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியாது.

சர்ச் ஒரு நீளமான உலோகக் குழாய் செய்தார். அதன் வாயில் பனியை அறுக்கிற பற்கள். பனியில் தரை தட்டும்வரை குழாயை இறக்கி, உள்ளே அடைபட்ட பனியோடு வெளியே எடுத்துத் தராசில் தொங்கவிட்டார். வெறும் குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை வந்துவிடும். பனி உருகினால் எடை குறையாது அல்லவா? ஆக, அதுவே தண்ணீரின் எடை. பிற்காலத்தில் இந்தக் குழாயின் வாய்க்கு 1.485 அங்குல விட்டம் என்று அளவு நிர்ணயித்தார்கள். ஏன் இப்படி ஒரு விநோதமான அளவு? அந்த அகலத்துக் குழாயில் ஓர் அவுன்ஸ் பனி இருந்தால் சரியாக ஓர் அங்குலத் தண்ணீர் என்று அர்த்தம். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். தராசின் முள்ளைப் பார்த்தே தண்ணீர் அளவைச் சொல்லிவிடலாம்.

ஒரு சோறு பதம்

சரி, ஓர் இடத்தில் எடை போட்டாயிற்று. மலை முழுவதையும் எப்படி எடை போடுவது? ஒரு பக்கம் காற்று பனியை வாரிக்கொண்டு போயிருக்கும், இன்னொரு பக்கம் பள்ளத்தில் பத்தடி குவிந்திருக்கும்.

சர்ச் கண்ட வழி எளிமையானது. மலையில் சில தடங்களைக் குறித்துக்கொண்டார். வருஷா வருஷம் அதே தடம், அதே இடங்கள், அதே பருவம். மொத்தப் பனி எத்தனை கோடி கனஅடி என்று அவர் மெனக்கெடவில்லை. "வழக்கமான வருஷத்தில் இந்தத் தடத்தில் இவ்வளவு இருக்கும். இந்த வருஷம் அதில் முக்கால் பங்குதான் இருக்கிறது. ஆகவே ஆற்றிலும் முக்கால் பங்குதான் வரும்" என்றார். சதவீத முறை என்று இதற்குப் பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே கணக்கு.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், டாஹோ ஏரி எவ்வளவு ஏறும் என்பதை இந்த முறையில் முன்கூட்டியே சொன்னார். மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று பேச ஓர் ஆதாரம் கிடைத்தது. காட்டைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். மரம் மிக அடர்ந்தால் பனி கிளையிலேயே தங்கிக் காற்றோடு போய்விடும். மரமே இல்லாவிட்டால் காற்று அடித்துக்கொண்டு போகும். தேன்கூட்டின் அறைகள் மாதிரி நடுநடுவே திறந்த இடம் உள்ள காடுதான் பனியை நன்றாகக் காப்பாற்றும் என்றார். 1959-ல் அவர் காலமானார். மவுண்ட் ரோஸ் மலையின் ஒரு முனைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விதைக்கும் முன் வந்த செய்தி

1934-ல் அமெரிக்க மேற்கில் கடும் வறட்சி. யூட்டா மாநிலத்து வேளாண் கல்லூரியில் ஜார்ஜ் கிளைடு என்ற பாசன என்ஜினீயர் இருந்தார். அவர் பனித்தடங்களை அளந்து பார்த்துவிட்டு, இந்தக் கோடைக்கு ஆறுகள் கைவிடப்போகின்றன என்று முன்னதாகவே சொன்னார். அப்போதைய ஆளுநர் ஹென்றி பிளட் அதைக் காதில் போட்டுக்கொண்டார். வாய்க்கால் காய்ந்த பிறகு அலறுவதற்குப் பதிலாக, நேரம் இருக்கும்போதே பங்கீட்டுக்கும் நிவாரணத்துக்கும் திட்டம் போட முடிந்தது.

விதை மண்ணில் விழுந்த பிறகு வருகிற செய்தி வேறு; விழும் முன்னே வருகிற செய்தி வேறு. முதல் செய்தியால் அழத்தான் முடியும். இரண்டாவது செய்தியால் பரப்பைக் குறைக்கலாம், பயிரை மாற்றலாம், கடன் வாங்குவதை நிறுத்தலாம். இந்த அருமை புரிந்ததால், மறு வருஷம் 1935-லேயே மத்திய அரசின் வேளாண் துறை பனி அளக்கும் வேலையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. கிளைடு 1957-ல் யூட்டாவின் ஆளுநராகவே வந்தார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அளவு சரியாக இருப்பதாலேயே பங்கும் சரியாகிவிடாது. நான் முன்னே சொன்ன ட்ரக்கி ஆறு கடைசியில் போய்ச் சேருவது பிரமிட் ஏரியில். பையூட் என்ற பழங்குடி மக்களின் ஏரி அது. அதன் மீன்கள்தான் தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய வாழ்வு. 1905-ல் டெர்பி அணையைக் கட்டி, ஆற்று நீரை வேறு பக்கத்து வயல்களுக்குத் திருப்பினார்கள். 1960-களுக்குள் பிரமிட் ஏரி சுமார் 80 அடி இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த வின்னமக்கா ஏரி 1930-களின் கடைசிக்குள் வற்றியே போயிற்று. மேலே பனியை அவுன்ஸ் சுத்தமாக எடை போட்ட அதே காலத்தில்தான் கடைமடை காய்ந்தது. தராசு எடையைச் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்பதை மனிதர்கள்தான் நியாயமாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

எரிகல் சுமந்து வந்த தகவல்

குழாயைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது மாதம் ஒருமுறைதான் முடியும். வழியில் புயல் உண்டு, பனிச்சரிவு உண்டு. ஆள் இல்லாமலே எடை போட முடியாதா என்று யோசித்தார்கள். பனித் தலையணை என்ற கருவி வந்தது. 1960-களில் அது பரவியது. தரையில் விரித்த ஒரு தட்டையான பை; உள்ளே உறையாத திரவம். மேலே பனி ஏற ஏறத் திரவத்தின் அழுத்தம் கூடும். அதைக் கருவி தண்ணீர் அளவாகப் படித்துக்கொள்ளும். லாரியை ஏற்றி எடை போடுகிற மேடை மாதிரிதான்.

படித்த அளவை ஊருக்கு எப்படி அனுப்புவது? மலைமேல் டெலிபோன் கம்பி ஏது? இங்கேதான் ஓர் அதிசயமான வேலை செய்தார்கள். வானத்தில் இரவும் பகலும் மணல் அளவுள்ள சிறு கற்கள் எரிந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பூமிக்கு மேலே 50 முதல் 75 மைல் உயரத்தில் அவை ஒரு கோடு போல மின்னேறிய தடத்தை விட்டுவிட்டு மறைகின்றன. கண் மூடித் திறப்பதற்குள் அந்தத் தடமும் கலைந்துவிடும். அதற்குள் ரேடியோ அலையை அதன்மேல் மோதவிட்டால் அது திரும்பி, பல நூறு மைலுக்கு அப்பால் உள்ள நிலையத்தில் வந்து இறங்கும். 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்நோடெல் என்ற பெயரில் இப்படித்தான் மலைப்பனியின் எடை தினமும் ஊர் வந்து சேர்ந்தது. பின்னால் செயற்கைக்கோளும் செல்போனும் அந்த அஞ்சல் வேலையை ஏற்றுக்கொண்டன. நிலையங்கள் இன்று ஏறக்குறைய 900 இருக்கின்றன.

வானத்துக் கண்

900 நிலையம் என்றால் அதிகம் போலத் தோன்றும். அந்த மலைகளின் பரப்புக்கு அது பானையில் எடுத்த சில பருக்கைதான். பானை முழுவதையும் பார்க்க முடியாதா என்ற ஆசை, விண்வெளிக் காலம் பிறந்ததும் வந்தது.

1960 ஏப்ரல் 1-ந் தேதி டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்தது. அந்த மாதப் படங்களிலேயே கனடா நாட்டுப் பனி வெள்ளையாகத் தெரிந்தது. 1966-லிருந்து வாரம் ஒரு பனி வரைபடம் போட ஆரம்பித்தார்கள். 1972-ல் லேண்ட்சாட் வந்தது. 1999 டிசம்பரில் ஏவிய டெர்ரா செயற்கைக்கோள் ஏறக்குறைய தினமும் பூமி முழுவதையும் படம் எடுத்தது. தொட்டுப் பார்க்காமல் தூரத்திலிருந்தே அறிவதால் இதற்குத் தொலையுணர்வு என்று பெயர்.

மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. வானத்திலிருந்து பார்த்தால் எது எது என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை மேகம் திருப்பி அனுப்பிவிடும்; பனி விழுங்கிவிடும். சாதாரண ஒளியில் வெள்ளையாகவும், அந்த ஒளியில் கறுப்பாகவும் தெரிவது பனி. இரண்டிலும் பளிச்சென்று தெரிவது மேகம்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இமயமலைப் பனி உருகி சட்லெஜ் ஆற்றில் வந்து பக்ரா அணையில் சேருகிறது. செயற்கைக்கோள் படத்தில் பனி மூடிய பரப்பை அளந்து, கோடையில் பக்ராவுக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணிக்கும் முறையை ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார் 1980-களிலேயே தொடங்கினார்கள். பஞ்சாப், ஹரியானா கோதுமைக்கும் நெல்லுக்கும் அந்தத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள் ரேடார் வைத்துப் பார்க்கிறது. மேகம் மூடியிருந்தாலும், இரவானாலும் அதற்குத் தடையில்லை. பனிப்பாறைகள் நகர்வதை அது அளக்கிறது.

ஆனாலும் வானத்துக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. சாதாரணப் படத்தில் பனியின் பரப்புதான் தெரியும். ஆழமும் எடையும் தெரியாது. ஏரியின் அகலம் தெரிகிறது, எத்தனை ஆள் ஆழம் என்று தெரியவில்லை என்றால் எத்தனை ஏக்கர் பாயும் என்று சொல்ல முடியுமா? மரத்தடியில் கிடக்கிற பனியும் படத்தில் தெரியாது.

பானை சமமாக வேகாத காலம்

ஒரு சோறு பதம் என்ற கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பானை சமமாக வேக வேண்டும். அடியில் தீய்ந்து மேலே அரிசியாக நின்றால், நடுவில் எடுத்த சோறு பொய் சொல்லும். மலைக்கும் அப்படி ஒரு காலம் வந்துவிட்டது.

2015 ஏப்ரல் 1-ந் தேதி, கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பிலிப்ஸ் என்ற பனி அளக்கும் இடத்துக்குப் போனார். ஆண்டுதோறும் அங்கே ஏப்ரல் தொடக்கத்தில் பனியில் குழாய் இறக்குவார்கள். அன்று அவர் நின்றது காய்ந்த புல்மேல். 75 ஆண்டு ஏப்ரல் அளவைகளில் அங்கே பனியே இல்லாதது அதுதான் முதல் தடவை. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பனி சராசரியில் 5 சதவீதம்தான். நகரங்கள் தண்ணீர்ச் செலவில் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அன்றே உத்தரவு போட்டார்.

2021-ல் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. அந்த வருஷம் ஏப்ரல் 1-ல் சராசரியில் 59 சதவீதப் பனி இருந்தது. பழைய கணக்குப்படி, குறைவுதான் என்றாலும் ஓரளவு நீர் வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. முந்தைய வறட்சியில் மண் காய்ந்து கிடந்தது. வெப்பமும் முன்னதாகவே ஏறியது. உருகிய நீரில் ஒரு பங்கை மண் குடித்தது, ஒரு பங்கைக் காற்று குடித்தது. கணித்ததற்கும் வந்ததற்கும் பல லட்சம் ஏக்கர் அடி வித்தியாசம். ஏக்கர் அடி என்றால் ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற தண்ணீர். பருவநிலை மாறும்போது பழைய கணக்கையே நம்பியதை மாநிலத் தணிக்கையாளர் 2023-ல் கண்டித்து எழுதினார். தராசு பொய் சொல்லவில்லை. எடையிலிருந்து ஆற்றுக்குப் போகிற வழிதான் மாறிப்போயிருந்தது.

இதனால்தான் விமானம் வந்தது. தாமஸ் பெயின்டர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவில் 2013-ல் இதைத் தொடங்கினார்கள். கோடையில் பனி இல்லாதபோது மலைமேல் பறந்து, லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி, தரையின் உயரத்தை அங்குலக் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். பனிக்காலத்தில் மறுபடி பறந்து அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பனியின் ஆழம். இலைகளின் இடைவெளி வழியாக லேசர் மரத்தடிக்கும் போய்விடும்.

அந்த விமானத்தில் பனியின் நிறத்தைப் பார்க்கும் கருவியும் உண்டு. நிறம் எதற்கு? வெயிலில் கறுப்புத் துணி சுடும், வெள்ளைத் துணி சுடாது. மேய்ச்சலாலும் உழவாலும் கலைந்த வறண்ட நிலத்துப் புழுதி பறந்துபோய் மலைப்பனிமேல் படிந்தால், பனி வெயிலை அதிகமாக வாங்கிச் சீக்கிரம் உருகுகிறது. இந்தப் புழுதியால் கொலராடோ ஆற்றின் வெள்ளம் சுமார் மூன்று வாரம் முன்னதாக வருகிறது, ஆண்டு நீரும் சுமார் 5 சதவீதம் குறைகிறது என்று பெயின்டரும் மற்றவர்களும் 2010-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

2023-ல் நிலைமை நேர்மாறாயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பனி சராசரியில் 237 சதவீதம். விவசாயத்துக்காக எப்போதோ வற்றவைத்த துலாரி ஏரி மறுபடி உயிர் பெற்று, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் மூழ்கடித்தது. இன்னும் மேலே எவ்வளவு பனி பாக்கி என்பதை விமான அளவு சொன்னதால், அணைகளில் முன்கூட்டியே இடம் பண்ணத் துணிவு வந்தது. தண்ணீர் இல்லாத வருஷத்துக்கு மட்டுமல்ல, தண்ணீர் மிஞ்சுகிற வருஷத்துக்கும் அளவு வேண்டும்.

கணிப்பொறி படிக்கிற பாடம்

விமானம் தினமும் பறக்காது, செலவு அதிகம். ஆகவே இருக்கிற எல்லாத் தகவலையும் கோத்து, இல்லாததை ஊகிக்கக் கணிப்பொறியைப் பழக்குகிறார்கள். இயந்திரக் கற்றல் என்கிறார்கள்.

ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தகம் படித்ததில்லை. நாற்பது வருஷம் மழையையும் வெயிலையும் மடையையும் பார்த்துப் பார்த்து, "இந்தத் தண்ணி இன்னும் பதினெட்டு நாள் தாங்கும்" என்பார். முதல் வருஷங்களில் தப்பாகச் சொல்லியிருப்பார். தப்பத் தப்பத் திருத்திக்கொண்டார். கணிப்பொறியும் அப்படித்தான். பழைய மழை, வெப்பம், ஆற்று நீர்க் கணக்குகளைக் கொடுப்பார்கள். அது ஊகித்துப் பார்க்கும், நடந்ததோடு ஒப்பிடும், விலகியிருந்தால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். இதை லட்சக்கணக்கான தடவை செய்யும்.

ஆஸ்திரியா நாட்டில் ஆராய்ச்சி செய்த பிரெடரிக் கிராட்ஸர்ட் என்பவரும் நண்பர்களும் 2018, 2019-ம் ஆண்டுகளில் இதைச் செய்து காட்டினார்கள். 1997-ல் ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் என்ற இருவர் கண்டுபிடித்த ஒரு கணிப்பொறி முறை உண்டு. நடந்ததை நெடுநாள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் முறை அது. அதற்கு அமெரிக்காவின் 531 ஆற்றுப்படுகைகளின் கணக்கை ஒன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். பழைய கணக்கு முறைகளைவிட அது நன்றாக ஊகித்தது.

அதைவிட வியப்பான சங்கதி ஒன்று. எவ்வளவு பனி சேர்ந்தது, எப்போது உருகியது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மழைப்பொழிவு, வெப்பம், ஆற்று நீர் போன்ற எண்கள்தான் கொடுத்தார்கள். உள்ளே திறந்து பார்த்தபோது, அதன் ஞாபகத்தில் ஒரு மூலை குளிர்காலத்தில் மெல்ல மெல்ல நிறைந்து, வெப்பம் ஏறியதும் சட்டென்று வடிந்துகொண்டிருந்தது. பனி சேர்ந்து உருகுவதை அது தானாகவே கண்டுகொண்டிருந்தது!

மாறாத விஷயம்

அப்படியானால் இனி மலை ஏற வேண்டாமா? குழாயையும் தராசையும் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாதுங்க.

அமெரிக்காவின் மேற்கு மாநில அணைகளைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அலுவலகம் 2021, 2022-ல் ஒரு போட்டி நடத்தியது. செயற்கைக்கோள் படம் முதலானவற்றை வைத்து, ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு சதுரமாக, மலைப்பனியில் உள்ள நீரை வாரா வாரம் கணிப்பொறி சொல்ல வேண்டும். பல குழுக்கள் போட்டியிட்டன. பரீட்சைத் தாளை யார் திருத்தினார்கள் தெரியுமா? தரையில் உள்ள பனி நிலையங்களும் விமான அளவும்தான். விமானமும் ஆழத்தைத்தான் அளக்கிறது. அந்த ஆழத்தில் எவ்வளவு நீர் என்று தெரிய, பனியின் கனத்தை யாராவது கீழே எடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணிப்பொறி கற்பதும், மழையிலும் பனியிலும் போய் யாரோ அளந்து எழுதிவைத்த பழைய கணக்கிலிருந்துதான். ஒரு வருஷம் எழுதாமல் விட்டால் அந்த வருஷத்துப் பாடம் அதற்கு என்றைக்கும் கிடைக்காது.

இன்னொன்று. 2021-ல் பழைய கணக்கு ஏமாற்றியது போல, நேற்று நடந்ததை மட்டும் கற்ற கணிப்பொறியும், நாளைக்குப் புதிதாக ஒன்று நடந்தால் தடுமாறும். கைதேர்ந்த நீர்க்கட்டியும் தன் ஆயுளில் பார்க்காத வறட்சியில் திகைக்கத்தானே செய்வார்? ஆகவே மலை மாற மாற, அளப்பது கூட வேண்டும், குறையக் கூடாது.

சர்ச் செய்த வேலையின் சாரம் குழாயில் இல்லை. அதே இடத்தில், அதே முறையில், வருஷம் தவறாமல் அளந்து எழுதியதில் இருக்கிறது. அதற்கு மலையும் வேண்டாம், பனியும் வேண்டாம். உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மாதம் முதல் தேதி கயிறு விட்டுப் பார்த்து, வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். களத்துமேட்டில் ஒரு மழைமானி வைத்து, பெய்த மழையையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். முதல் வருஷம் அது வெறும் எண்தான். ஐந்தாவது வருஷம் அது உங்களோடு பேசத் தொடங்கும். பத்தாவது வருஷம், கரும்பு நடலாமா, கடலை போடலாமா, இன்னொரு போர் போட்டால் தண்ணீர் வருமா என்ற கேள்விகளுக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். ஊரில் பத்துப் பேர் எழுதினால், ஏரித் தண்ணீரைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசும்போது குரலை உயர்த்த வேண்டியிருக்காது. நோட்டைக் காட்டினால் போதும்.